மெரைன் டேங்க்குக்கு வீட்லயே சம்ப் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்ப்னா மெரைன் டேங்க்குக்கு, அதாவது உப்புத்தண்ணி மீன் தொட்டிக்கு, கீழ வைக்கிற ரெண்டாவது தொட்டி; மேல வழியுற தண்ணி பைப்ல இதுக்குள்ள இறங்கும், பம்ப் அதை திரும்ப மேல ஏத்தும். சம்ப் கட்டணும்னு முடிவு பண்ணின உடனே எல்லாரும் யோசிக்கிறது ஸ்கிம்மர் (அழுக்க நுரையா பிரிச்சு எடுக்கிற கருவி) எங்க வைக்கலாம், ரெஃப்யூஜியத்துக்கு (ஆல்கே வளர்க்கிற பகுதி) எத்தனை இன்ச் விடலாம், எந்த பம்ப் வாங்கலாம்னுதான். அதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு ரெண்டு கேள்விக்கு பேப்பர்ல பதில் எழுதுங்க. ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போனா மேல இருந்து எவ்வளவு தண்ணி கீழ வரும், அது சம்ப்ல அடங்குமா? கீழ இறங்குற பைப் அடைச்சுக்கிட்டா பம்ப் எவ்வளவு தண்ணிய மேல தள்ளும், அது மேல இருக்கிற டிஸ்ப்ளே டேங்க்ல (மீன் இருக்கிற டேங்க்) அடங்குமா? ஹால் முழுக்க உப்புத்தண்ணி ஓடின கதை எதைக் கேட்டாலும் கடைசில இந்த ரெண்டுல ஒண்ணுலதான் வந்து நிக்கும். நம்ம ஊர்ல கரண்ட் கட் எப்பவாவது நடக்கிற விஷயம் இல்ல, நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது ரெண்டு தடவை போய்ட்டு வந்திருக்கும், அதனால பம்ப் நிக்கிறதையும் திரும்ப ஓடுறதையும் தினசரி வேலையா நினைச்சுதான் சம்ப்ப டிசைன் பண்ணணும்.

முதல் கணக்கு இப்படி. நாலடி டேங்க், 48 இன்ச் நீளம் 18 இன்ச் அகலம்னு வச்சுக்கோங்க, அதுல தண்ணி ஒரு இன்ச் இறங்கினா சுமார் 14 லிட்டர். பம்ப் ஓடும்போது ஓவர்ஃப்ளோ பாக்ஸோட (தண்ணி வழிஞ்சு கீழ இறங்குற பைப்புக்குப் போற பாக்ஸ்) பல்லுக்கு மேல முக்கால் இன்ச்ல இருந்து ஒரு இன்ச் வரைக்கும் தண்ணி நிக்கும், கரண்ட் போனா அது அப்படியே கீழ வந்துடும், கூடவே பாக்ஸ்லயும் பைப்லயும் இருக்கிறது ஒரு எட்டு லிட்டர் வரும். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். மறந்து போறது ரிட்டர்ன் பைப், அதாவது பம்ப்ல இருந்து தண்ணி மேல போற பைப். பம்ப் நின்ன நிமிஷமே அந்த பைப் தலைகீழா சைஃபன் ஆகி டேங்க் தண்ணிய கீழ இழுக்க ஆரம்பிக்கும், பைப் வாய் தண்ணிக்கு வெளிய வந்து காத்து உள்ள போற வரைக்கும் நிக்காது. வாய் நாலு இன்ச் ஆழத்துல இருந்தா 56 லிட்டர், பைப் தண்ணியோட சேர்த்து 64. அதையே ஒன்றரை இன்ச்ல வச்சா மொத்தமே 29தான். இப்ப சம்ப்ப பாருங்க, 36க்கு 16க்கு 16 இன்ச் சம்ப் விளிம்பு வரைக்கும் 150 லிட்டர் பிடிக்கும், ஓடும்போது 9 இன்ச் தண்ணி இருந்தா காலி இடம் 65 லிட்டர், அதுல ஸ்கிம்மர், கல்லு, கண்ணாடி எல்லாம் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கும். ரிட்டர்ன் வாயை நாலு இன்ச் கீழ வச்ச ஒரே காரணத்துக்காக தரை நனையும், வேற எந்தத் தப்பும் பண்ணியிருக்க வேண்டியதில்ல.

இதுக்கு ரிட்டர்ன் பைப்ல தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ ஒரு சின்ன ஓட்டை போடச் சொல்வாங்க, அது வழியா காத்து போய் சைஃபன் அறுந்துடும், நல்லதுதான், போடுங்க. ஆனா பாசியும் கோரலைன் ஆல்கேவும் அந்த ஓட்டைய மெதுவா மூடிடும், குட்டி நத்தை வந்து உக்காந்துக்கும். அப்புறம் செக் வால்வு, அதாவது தண்ணிய ஒரு பக்கமா மட்டும் விடுற வால்வு. இதை மட்டும் நம்பி டிசைன் பண்றது பெரிய தப்பு, உப்புத்தண்ணில கால்சியம் படிஞ்சு மூடி பாதியிலேயே நின்னுடும், போட்ட முதல் மாசம் வேலை செஞ்சுதுங்கிறது ஒரு வருஷம் கழிச்சும் செய்யும்ங்கிறதுக்கு கேரண்டி இல்ல. இந்த ரெண்டுமே வேலை செய்யலன்னாலும் சம்ப்ல தண்ணி அடங்கணும், அந்தக் கணக்கு வந்த பிறகு ஓட்டையும் வால்வும் எக்ஸ்ட்ரா பாதுகாப்புன்னு வச்சுக்கோங்க.

ரெண்டாவது கணக்க பலரும் போடுறதே இல்ல. டிரெயின் (கீழ இறங்குற பைப்) அடைச்சா பம்ப் நிக்காது, ரிட்டர்ன் சேம்பர்ல (சம்ப்ல பம்ப் இருக்கிற அறை) இருக்கிற தண்ணி முழுக்க மேல போய்ச் சேரும். டேங்க் விளிம்புக்கும் தண்ணி மட்டத்துக்கும் நடுவுல ஒன்றரை இன்ச் இருந்தா நம்ம டேங்க்ல 21 லிட்டர் தாங்கும். ரிட்டர்ன் சேம்பர் 10க்கு 16 இன்ச், தண்ணி 8 இன்ச் உயரம்னா அதுவும் 21 லிட்டர், பம்ப் கடைசி ஒரு இன்ச்ச இழுக்காதுங்கிறதால 18 லிட்டர்தான் மேல போகும், தப்பிச்சீங்க. அதே சேம்பரை 12 இன்ச் நீளமாக்கினா வழிஞ்சிடும். ஆவியாகிறதுக்கு ஸ்பேர் தண்ணி இருக்கட்டும்னு ரிட்டர்ன் சேம்பரை ரொம்ப பெருசா விடுறவங்க இந்த இடத்துலதான் மாட்டிக்கிறாங்க.

டிரெயின் ஏன் அடைக்கப் போகுதுன்னு கேக்கலாம். ஒரே ஒரு டிரெயின் பைப் வச்சு, சத்தம் வருதுன்னு அதுல பால் வால்வ போட்டு பாதி மூடி வச்சிருப்பாங்க, அந்தக் குறுகலான இடத்துல ஒரு நத்தையோ ஆல்கே துண்டோ போதும். ஹெர்பி முறைல ரெண்டு பைப், ஒண்ணு வால்வோட, காத்து கலக்காம முழு சைஃபனா ஓடுறது, இன்னொண்ணு வால்வே இல்லாத எமர்ஜென்சி. பீன் அனிமல் முறைல மூணு. எது செஞ்சாலும் எமர்ஜென்சி பைப்ல எந்த வால்வும் போடாதீங்க, அது தனியா பம்ப்போட முழு தண்ணியையும் தாங்கணும், அந்த ஒரு பைப்ல மட்டும் காசு பாக்காதீங்க.

கண்ணாடில ஓட்டை போட பயந்துக்கிட்டு, டேங்க் விளிம்பு மேல பிவிசி பைப்பை யு மாதிரி வளைச்சுத் தொங்கவிட்டு சைஃபன் ஓவர்ஃப்ளோ செய்றவங்க நிறைய பேர். சரியா செஞ்சா கரண்ட் வந்ததும் அதுவே திரும்ப ஓடும், வீடியோல பாக்க அழகா இருக்கும். பிரச்சினை என்னன்னா பைப்போட உச்சில சின்னச் சின்ன காத்துக் குமிழி சேர்ந்துகிட்டே இருக்கும், ஒரு நாள் சைஃபன் அறுந்துடும், பம்ப்புக்கு அது தெரியாது, மேல தள்ளிக்கிட்டே இருக்கும். என்னோட கருத்து, புது டேங்க் வாங்கப் போறீங்கன்னா ஓட்டை போட்டே வாங்கிடுங்க, சென்னை கொளத்தூர் மாதிரி மீன் தொட்டிக் கடைங்க இருக்கிற இடத்துல டேங்க் ஒட்டக் கொடுக்கும்போதே சொல்லிட்டா கண்ணாடிய ஒட்டுறதுக்கு முன்னாடியே போட்டுக்கலாம். ஏற்கனவே இருக்கிற டேங்க்ல போடணும்னா அது டஃபன்ட் (சூடாக்கி உறுதியாக்கின) கண்ணாடியா இல்லையான்னு உறுதி பண்ணிக்கோங்க, டஃபன்ட்னா ட்ரில் பட்டதும் முழுசா நொறுங்கிடும். சாதா கண்ணாடின்னா டைமண்ட் ஹோல் சா, தண்ணி ஊத்திக்கிட்டே, அழுத்தாம, மெஷின் தானா இறங்கட்டும். விளிம்புல இருந்து ஓட்டையோட விட்டம் அளவாவது தள்ளிப் போடுங்க. டேங்க் கனெக்டர் மாட்டும்போது ரப்பர் வாஷர் தண்ணி இருக்கிற பக்கம் வரணும், கையால இறுக்கி மேற்கொண்டு ஒரு கால் சுத்து போதும், ஸ்பேனர் போட்டு முறுக்கினா கண்ணாடி விட்டுடும்.

இனி உள் தடுப்புகள், அதாவது பேஃபிள். நடுவுல வர்ற தடுப்போட உயரம்தான் ஸ்கிம்மர் சேம்பர்ல தண்ணி எவ்வளவு நிக்கும்னு முடிவு பண்ணுது, அதனால ஸ்கிம்மர் வாங்காம பேஃபிள் ஒட்டாதீங்க. ஒவ்வொரு ஸ்கிம்மருக்கும் எத்தனை சென்டிமீட்டர் தண்ணில நிக்கணும்னு கம்பெனி சொல்லியிருக்கும், தண்ணி குறைவா இருந்தா நுரை கப் வரைக்கும் ஏறாது, கூடுதலா இருந்தா நுரை ஈரமா பொங்கிக்கிட்டே இருக்கும், அப்ப கீழ ஸ்டாண்ட் வைக்கணும். ஸ்கிம்மரை ரிட்டர்ன் சேம்பர்ல வைக்கிறதும் தப்பு, ஆவியாகிறதால தினமும் மட்டம் இறங்குறது அங்கதான், மத்த சேம்பர்ல மட்டம் மாறாது. ஹீட்டர் போடுறவங்களுக்கும் இதே விதி, தண்ணி இறங்கி ஹீட்டர் வெளிய வந்து சூடாகி, திரும்ப தண்ணி பட்டா கண்ணாடி ஹீட்டர் வெடிச்சிடும். குமிழி பிடிக்கிற மூணு தடுப்புக்கு நடுவுல ஒரு இன்ச்சாவது இடைவெளி விடுங்க, நெருக்கி ஒட்டினா தண்ணி வேகமா ஓடி குமிழியையும் இழுத்துக்கிட்டுப் போயிடும்.

கண்ணாடி சம்ப்ல அக்ரிலிக் தடுப்பு ஒட்டுறவங்களுக்கு ரெண்டு விஷயம். சிலிகான் அக்ரிலிக்ல சரியா பிடிக்காது, கொஞ்ச நாள்ல உரிஞ்சு வரும். அக்ரிலிக் தண்ணிய உறிஞ்சி கொஞ்சம் விரியவும் செய்யும், இடைவெளியே இல்லாம இறுக்கிச் சொருகினா பக்கத்துக் கண்ணாடியவே விரிசல் விட வச்சிடும். கண்ணாடிலயே வெட்டி ஒட்டிடுங்க, விலையும் கம்மிதான். சிலிகான் வாங்கும்போது டியூப்ல ஆண்டி ஃபங்கல்னு போட்டிருந்தா தொடாதீங்க, பாத்ரூமுக்கு வர்றது அது, அதுல இருக்கிற பூஞ்சைக்கொல்லி தண்ணில இறங்கும். பழைய டேங்க்க சம்ப்பா மாத்துறீங்கன்னா பழைய சிலிகான பிளேடால முழுசா சுரண்டி எடுத்துட்டு ஒட்டுங்க, பழசு மேல புதுசு பிடிக்காது. ஒட்டின பிறகு வினிகர் வாடை சுத்தமா போற வரைக்கும், ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்ல, தண்ணி விடாதீங்க.

துணி வைக்கிற பிளாஸ்டிக் பாக்ஸ்ல சம்ப் செய்யலாமான்னு அடிக்கடி கேக்கிறாங்க. தண்ணி விட்டதும் பக்கவாட்டுல உப்பிடும், தடுப்பு எதுவும் ஒட்டாது, நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

பம்ப் விஷயத்துல பாக்ஸ் மேல இருக்கிற நம்பரைப் பாத்து ஏமாறக் கூடாது. 3000 லிட்டர்னு போட்டிருந்தா அது உயரமே இல்லாம தள்ளும்போது, அஞ்சடி ஆறடி மேல ஏத்தி ரெண்டு எல்போ திரும்பி வரும்போது பாதியோ அதுக்கும் கீழயோதான் வரும். அதுக்காக பெரிய பம்ப்ப போட்டுட்டு அப்புறம் டிரெயின் தாங்கல, சத்தம், குமிழின்னு தவிக்கவும் வேண்டாம், மணிக்கு டேங்க் அளவுல மூணுல இருந்து அஞ்சு மடங்கு சம்ப் வழியா போனா போதும், கோரலுக்கு வேணும்ங்கிற அலைய வேவ் மேக்கர் கொடுத்துக்கும்.

டாப் அப்புக்கு (ஆவியாகி குறைஞ்சத நிரப்புறதுக்கு) உப்புத்தண்ணி ஊத்துறது புதுசா வர்றவங்க பண்ற தப்பு, ஆவியா போறது வெறும் தண்ணி, உப்பு உள்ளயேதான் இருக்கு, அதனால ஆர்ஓ தண்ணிதான் ஊத்தணும். ஃபேன் போட்டு குளிர வைக்கிற டேங்க்ல வெயில் காலத்துல நாளைக்கு அஞ்சு லிட்டர் போறது சாதாரணம், மேல சொன்ன ரிட்டர்ன் சேம்பர்ல அது ரெண்டு இன்ச், நாலு நாள் ஊருக்குப் போய்ட்டு வந்தா பம்ப் காத்த இழுத்துக்கிட்டு இருக்கும். சரின்னு ஆட்டோ டாப் அப் போடுறவங்க ஆர்ஓ மெஷின் லைனையே நேரா ஃப்ளோட் வால்வுல கொடுத்துடுறாங்க, வால்வு சிக்கினா உப்பு அளவு 35ல (ஆயிரம் பங்கு தண்ணில 35 பங்கு உப்பு) இருந்து இறங்கிக்கிட்டே போகும், கோரல் தாங்காது. தனியா 15 லிட்டர் கேன்ல இருந்து கொடுங்க, 300 லிட்டர் சிஸ்டத்துல முழு கேனும் கொட்டினாலும் 33க்கு கீழ போகாது. அந்த ட்யூபோட நுனி சம்ப் தண்ணிக்கு மேலயே இருக்கட்டும், முங்கி இருந்தா அங்கயும் சைஃபன் ஆகும்.

பித்தளை வால்வு, செம்பு, இரும்பு க்ளிப் எதுவுமே தண்ணில படக் கூடாது, செம்பு கொஞ்சம் கலந்தாலே இறாலும் நத்தையும் கோரலும் செத்துப் போகும், ஸ்டீல்னு சொல்லி விக்கிற க்ளாம்ப் கூட துருப்பிடிக்கும். ஸ்டாண்ட் எம்டிஎஃப்ல (மரத்தூள் அழுத்திச் செய்ற பலகை) செய்யாதீங்க, மெரைன் ப்ளை கேளுங்க. ஸ்கிம்மர் கப்ப மேல தூக்கி எடுக்க இடம் இருக்கா, சம்ப் கதவு வழியா உள்ள போகுமான்னு டேப் பிடிச்சு அளந்துட்டு செய்யுங்க. ப்ளக் போர்ட சம்ப்புக்கு மேலயோ கேபினட் தரையிலயோ வைக்கவே வேண்டாம், உப்பு ஏறும், வெளிப்பக்கச் சுவர்ல இருக்கட்டும், ஒவ்வொரு ஒயரும் ப்ளக்குக்கு கீழ வளைஞ்சு தொங்கி மேல ஏறணும், அப்பதான் ஒயர் வழியா வர்ற தண்ணி ப்ளக்குக்குள்ள போகாம கீழ சொட்டும். 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா துண்டிக்கிற ஸ்விட்ச்) இல்லாத லைன்ல மெரைன் டேங்க் ஓட்டாதீங்க, இது உங்க வீட்டுக் குழந்தைங்க கை வைக்கிற இடம்.

எல்லாம் ஒட்டி மாட்டின பிறகு மீனோ உப்போ போடுறதுக்கு முன்னாடி சாதா தண்ணில ரெண்டு மூணு நாள் ஓட்டுங்க. சைஃபன் ஓட்டைய விரலால மூடிக்கிட்டு பம்ப்ப ஆஃப் பண்ணுங்க, தண்ணி எங்க வந்து நிக்குதுன்னு பாருங்க. அது விளிம்புக்கு ரெண்டு இன்ச் கீழயாவது நிக்கிற மாதிரி தண்ணிய குறைச்சுட்டு, திரும்ப ஓடவிட்டு, ஓடும்போது ரிட்டர்ன் சேம்பர்ல மட்டம் எங்க இருக்கோ அங்க மார்க்கர்ல கோடு போடுங்க, அந்தக் கோட்டுக்கு மேல யாரும் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு வீட்ல இருக்கிறவங்களுக்கும் சொல்லி வைங்க. அப்புறம் டிரெயின் எல்லாத்தையும் துணி வச்சு அடைச்சுட்டு, பம்ப் காத்த இழுக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னு டேங்க் விளிம்ப பாருங்க. அடுத்து எமர்ஜென்சிய மட்டும் திறந்துவிட்டு அது தனியா தாங்குதான்னு பாருங்க. கரண்ட் போய் வரும்போது சம்ப் மட்டம் ஏறி இருக்கிறதால ஸ்கிம்மர் கொஞ்ச நேரம் பொங்கி, கப்ல இருக்கிற அழுக்க திரும்ப தண்ணிலயே கொட்டிடும், அதனால கப்புக்கு அடில ஒரு ட்யூப் விட்டு தனி டப்பால இறக்குங்க. இதெல்லாம் சரியா வந்ததுக்கு அப்புறம் அந்தத் தண்ணிய வடிச்சிட்டு ஆர்ஓ தண்ணில உப்பு கலக்க ஆரம்பிங்க, சைஃபன் ஓட்டைய மாசம் ஒரு தடவை பழைய டூத் பிரஷ் போட்டு தேய்ச்சு விடுங்க.