ஏசிசிஏ 'பிசினஸ் அண்ட் டெக்னாலஜி' தாளுக்கு ஒரு குறிப்பு

ஏசிசிஏ என்ற சர்வதேசக் கணக்காளர் தகுதிக்கான இந்தத் தாளில் கணக்குப் போடும் வேலை அதிகம் இல்லை என்பதால், கடைசி நேரத்தில் ஒரு புரட்டு புரட்டினால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வதும் இதில்தான். 2 மணி நேரம், 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 50. பி பிரிவில் பாடத்திட்டத்தின் 6 பகுதிகளிலிருந்தும் தலா ஒரு 4 மதிப்பெண் கேள்வி வரும். எதையும் ஒதுக்கிவைக்க வழியில்லை.

கோட்பாடுகளை வெறும் பெயராக மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்களை அதிகாரம், ஆர்வம் என்ற இரண்டையும் வைத்துப் பிரிக்கும் மெண்டலோவின் கட்டத்தையே பாருங்கள்: ஒருவருக்கு அதிகாரம் அதிகம், ஆர்வம் குறைவு என்றால் அவரைத் திருப்தியாக வைத்திருந்தால் போதும், ஆர்வமும் அதிகம் என்றால்தான் அவர் முக்கியப் பங்காளர். கேள்வியில் ஒரு வங்கியோ தொழிற்சங்கமோ வரும், எந்தக் கட்டம் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஊழியர்களை எது ஊக்குவிக்கிறது என்று சொல்லும் ஹெர்ஸ்பெர்க்கின் கோட்பாடு இன்னும் வழுக்கும். சம்பளம் அவரைப் பொறுத்தவரை ஊக்கக் காரணி அல்ல, அதிருப்தி வராமல் தடுக்கும் காரணி மட்டுமே. (மாதச் சம்பளக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் விடை அதுதான்!)

அப்புறம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். தெரியாத கேள்வியைக் குறித்துவைத்துவிட்டு நகருங்கள். முடிப்பதற்குள் அதற்கும் ஏதாவது ஒரு விடையைத் தேர்ந்துவிடுங்கள். தேர்வு கணினியில் என்பதால், பயிற்சியைக் காகிதத்தில் செய்யாமல் கணினித் திரையிலேயே செய்வது நல்லது.