சுறாக்களோடு ஸ்கூபா: சென்னையிலிருந்து கிளம்புவோருக்கு முதல் பாடங்கள்

காசிமேட்டில் பால்சுறா வாங்கி, அவித்து உதிர்த்துப் புட்டு செய்யும் வீட்டில் வளர்ந்தவள் நான். பாய்மரப் படகில் ஒரு வாரம் மாலத்தீவைச் சுற்றப் போகிறேன், சுறாக்களுக்கு நடுவே டைவ் அடிக்கப் போகிறேன் என்றதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார்: “தட்டுல வர்றது பத்தாதுன்னு அதுங்க வீட்டுக்கே போறியாடி?”

போனேன். மறுபடியும் போனேன். இதில் சுறாவைப் பற்றிய பாடம் கால்வாசிதான். மீதி முழுக்க உங்கள் மூச்சைப் பற்றியது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: உடம்பும் நீச்சலும்

பயிற்சியில் சேரும்போதே ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். அடிப்படைப் பயிற்சிக்கு 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்தால் போதும். வேகம் யாருக்கும் தேவையில்லை.

இரண்டாம் படி: நீச்சல் குளம்

எல்லாரும் அவசரப்படும் இடம் இது. நான் இங்கேதான் உங்களைப் பிடித்து நிறுத்த ஆசைப்படுகிறேன்.

ஸ்கூபாவின் முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். அதனால் வாயில் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) இருக்கும்வரை இழுங்கள், விடுங்கள், இழுங்கள், விடுங்கள். ரெகுலேட்டர் வாயை விட்டு நழுவினால்கூடச் சின்னக் குமிழியாகக் காற்றை விட்டுக்கொண்டே அதைத் தேடுங்கள்.

அடுத்தது மிதப்பு. குளத்தின் தரையில் குப்புறப் படுத்து, ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) நுனி மட்டும் தரையில் படும்படி வையுங்கள். மிதப்பைக் கூட்டிக் குறைக்க மாட்டியிருக்கும் காற்று ஜாக்கெட்டில் துளித் துளியாகக் காற்றை ஏற்றுங்கள். இப்போது மெதுவாக மூச்சை இழுங்கள். உடனே ஒன்றும் நடக்காது. ஒன்றிரண்டு நொடி கழித்துத் தோள் தானாக எழும்பும். மூச்சை விடுங்கள், அதே தாமதத்தோடு இறங்கும். அந்தத் தாமதம் பழகாதவர்கள்தான் கையைக் காலை உதறிக்கொண்டு பவளப்பாறையை உடைப்பவர்கள். எனக்கு இது பிடிபட மூன்று நாள் ஆனது. பிடிபட்ட நாளில், கை இரண்டையும் மார்பில் கட்டிக்கொண்டு அசையாமல் நடுத்தண்ணீரில் நின்றேன். சுறாவின் முன் நிற்க வேண்டிய நிலையும் அதேதான்.

மூன்றாம் படி: வங்கக் கடல்

என் நான்கு பயிற்சி டைவ்களையும் ஈசிஆர் வழியே புதுச்சேரி போய் முடித்தேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் கடல் கலங்கிக் கிடக்கும், அப்போது வேண்டாம். இறங்கத் தொடங்கிய முதல் மீட்டரிலிருந்தே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமன் செய்யுங்கள். வலித்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். வலியோடு இறங்குவது வீரமில்லை, செவிப்பறை கிழிந்துவிடும்.

இந்த அடிப்படைப் பயிற்சிக்குக் கிடைக்கும் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரைதான். மாலத்தீவில் சாம்பல் ரீஃப் சுறாக்கள் பெரும்பாலும் அதற்கும் கீழே நிற்கும் என்பதால் 30 மீட்டருக்கான அடுத்த பயிற்சியும் வேண்டும். பொழுதுபோக்கு டைவர்களுக்கு அந்நாட்டில் எல்லையும் 30 தான். இருபது டைவாவது முடித்துவிட்டுப் போங்கள் என்பது என் கணக்கு.

நான்காம் படி: படகு

மாலத்தீவுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரையைப் படகில் முதல்முறை போட்டுப் பார்க்காதீர்கள். தூக்கம் வருகிறதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள். வாந்தி எடுத்த அன்று டைவ் வேண்டாம். உடம்பில் நீர் வற்றினால், மேலே வரும்போது ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டும் ஆபத்து கூடும்.

நான் போன ஒரு படகில், மதிய டைவுக்கு முன் ஊழியர்கள் சூரை மீனை அறுத்துக் குடலை அங்கேயே கடலில் கொட்டினார்கள். நான் அன்று இறங்கவில்லை, மற்றவர்களையும் இறங்க வேண்டாம் என்றேன். ரத்த வாசனைக்கு வரும் சுறா இரை தேடி வருவது. இரை போட்டுச் சுறாவைக் காட்டுகிறோம் என்று சொல்லும் படகிலும் ஏறாதீர்கள்.

ஐந்தாம் படி: சுறாவின் முன்

கடலிலிருந்து நீர் உள்ளே பாயும் நேரத்தில், தீவுத்திட்டுகளுக்கு இடையிலான கால்வாயின் வாயில் சாம்பல் சுறாக்கள் கூடும். அந்த ஊரில் கால்வாயை ‘கண்டு’ என்பார்கள். இறங்குமுன் சங்கிலி, மூக்குத்தி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வெயில் பட்டால் அவை மீன் செதில் போல மின்னும்.

கால்வாய் வாயின் விளிம்பில், பவளம் இல்லாத பாறையோரம் தாழ்ந்து நில்லுங்கள். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். துரத்தாதீர்கள், துரத்தினால் போய்விடும். நான் முதல்முறை நின்றபோது நான்கு நிமிடம் வெறும் நீலம். பிறகு ஒன்று வந்தது. வாலை மட்டும் சோம்பலாக அசைத்துக்கொண்டு, அத்தனை பெரிய நீரோட்டத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. செவுள் பிளவுகள் திறந்து மூடுவது தெரிந்தது. கண் ஒருமுறை என் பக்கம் திரும்பியது. நான் மூச்சை நீளமாக விட்டேன். குமிழி சத்தத்துக்குச் சற்று விலகி, மறுபடி வந்தது.

ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: முதுகைக் கூன் போட்டு, பக்கத் துடுப்புகளைக் கீழே தொங்கவிட்டு, உடம்பை அப்படியும் இப்படியும் முறுக்கி நீந்தினால், சாம்பல் சுறா ‘விலகு’ என்கிறது. அதற்கு ஓடும் வழியை அடைக்காமல், அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள். முதுகைக் காட்டிப் படபடவென்று நீந்தாதீர்கள்.

குகை நிழலில் வெண்முனைச் சுறா பகலில் படுத்திருக்கும். செத்துவிட்டதோ என்று தொடாதீர்கள். படுத்தபடியே வாயால் நீரை இழுத்துச் செவுளுக்குத் தள்ளி மூச்சுவிடத் தெரிந்த சுறா அது.

ஆறாம் படி: மேலே வருவது

சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றழுத்தத்தைக் காட்டும் முள்மானி 100 பார் காட்டும்போது வழிகாட்டிக்குச் சைகை செய்யுங்கள்; 50 பாரோடு படகில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். நீரோட்டம் உங்களை எங்கோ கொண்டுபோயிருக்கும், பாய்மரப் படகு திரும்பி வர நேரம் எடுக்கும். அதனால் நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் ஆரஞ்சு நிறக் குழாய் மிதவையைக் காற்று ஊதி அந்த 5 மீட்டரிலிருந்தே மேலே விடுங்கள். டிங்கியில் (துணைக்கு வரும் சின்னப் படகு) ஒருவர் உங்களுக்காகவே காத்திருக்கிறார் என்பதைக் கிளம்பும்முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசி டைவுக்கும் சென்னை விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். நான் 24 விடுவேன்.