காது மெஷின் போட்டும் மெதுவா பேசுனா புரியலையா? வால்யூமை மட்டும் ஏத்தாதீங்க

எங்க அம்மா காது மெஷின் போட்ட புதுசுல நாங்க பண்ணதெல்லாமே தப்பு, அதனாலதான் இதை எழுதுறேன். நேரா உக்காந்து பேசுனா கேக்கும், பேத்தி மெதுவா ஏதாவது சொன்னா மட்டும் "என்னடி சொல்ற"ன்னு திரும்பத் திரும்ப கேப்பாங்க, நாங்களும் வால்யூமை ஏத்தி ஏத்தி வச்சோம், கடைசில குக்கர் விசில் அடிச்சாலே மெஷினைக் கழட்டி டப்பாக்குள்ள போட ஆரம்பிச்சுட்டாங்க.

விஷயம் என்னன்னா, சாதாரண பேச்சு 60, 65 டெசிபல் (சத்தத்தோட அளவு) இருக்கும், மெதுவா பேசுனா 50 பக்கம் இறங்கிடும். அதுலயும் அ, ஆ எல்லாம் கனமான ஓசை, ச, த, ட மாதிரி எழுத்துங்க மெலிசு, அதுவும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல, அதாவது கீச்சு ஓசை பக்கம்தான் அதுங்களோட அடையாளமே நிறைய இருக்கு, வயசானா முதல்ல அடிபடறதும் அந்தப் பக்கம்தான். குரல் வருது ஆனா சட்டையா தட்டையான்னு தெரியல, அவ்ளோதான்.

நல்லா செட் பண்ண டிஜிட்டல் மெஷின் மெல்லிசா வர்ற சத்தத்தை நிறைய தூக்கும், பெரிய சத்தத்தை கொஞ்சமா தூக்கும். வால்யூம் பட்டன் எல்லாத்தையும் சேர்த்துதான் ஏத்தும், அதனாலதான் குக்கர் மண்டையில அடிச்சது.

எல்லாரும் பண்ற பெரிய தப்பு இதுதான்: கம்ப்யூட்டர் போட்ட முதல் செட்டிங்கோட, எதிர்ல உக்காந்து "கேக்குதாம்மா"ன்னு கேட்டு, "கேக்குது"ன்னதும் கிளம்பி வந்துடறது. முதல் செட்டிங்ல மெல்லிசான ஓசைக்கு, முக்கியமா கீச்சு பக்கத்துக்கு, பவர் கம்மியா இருக்கறது ரொம்ப சகஜம். காதுக்குள்ள மெல்லிசா ஒரு ட்யூப் விட்டு, மெதுவான பேச்சு, சாதாரண பேச்சு, சத்தமான பேச்சு மூணையும் ஓடவிட்டு உள்ள எவ்ளோ போய் சேருதுன்னு அளக்கற டெஸ்ட் இருக்கு, மெஷினை செட் பண்ற ஆடியாலஜிஸ்ட்கிட்ட அதை வாய் விட்டுக் கேளுங்க, தயவுசெஞ்சு கேளுங்க.

அப்புறம் போட்டதும் ஃபேன் சத்தம், பேப்பர் சத்தமெல்லாம் தொல்லையா இருக்குன்னு உடனே குறைக்க சொல்லிடாதீங்க, மெல்லிசான பேச்சும் அதோட சேர்ந்து போயிடலாம், மூளைக்குப் பழக சில வாரம் ஆகும், தினமும் போடணும், கல்யாணம் காட்சிக்கு மட்டும் போட்டா பழகாது. திடீர்னு சத்தம் குறைஞ்சா முதல்ல குறும்பி அடைச்சிருக்கான்னு பாருங்க. அடுப்படில இருந்து கத்தாதீங்க, கத்துனா எழுத்தோட உருவமே மாறிடும், கிட்ட வந்து பேசுங்க, திறந்த வெளியில தூரம் பாதியானாலே 6 டெசிபல் கூடும்.

அடுத்த தடவை ஆடியாலஜிஸ்ட்கிட்ட போறப்ப பேத்தியையும் கூட்டிட்டுப் போங்க, அம்மாவுக்குப் பின்னாடி நின்னு அவ வழக்கமா பேசற குரல்லயே நாலு வார்த்தை சொல்லட்டும், அதைத் திருப்பிச் சொல்ல முடியுதான்னு பாத்துட்டு செட்டிங்கை முடிங்க.