பழைய ராணுவ பாரக்ஸ்: சுவரைப் பழுதுபார்க்கும் முறை

நூலகமாகவோ குடியிருப்பாகவோ மாறும் பாரக்ஸ்களில் (படைவீரர் தங்கிய கட்டடங்களில்) முதலில் கவனிக்க வேண்டியவை காற்றுத் துளைகள். பிரிட்டிஷ் ராணுவத்தின் சுகாதாரத்தை ஆராய்ந்த ஆணையம் 1858 அறிக்கையில் வீரர் ஒருவருக்கு 600 கன அடி காற்றிடம் கேட்டது. நெரிசலும் காற்றோட்டமின்மையும் வீரர்களைக் கொன்றுகொண்டிருந்தன. அதன்பின் வைத்த துளைகளும் காற்றுக் குழாய்களும் இன்றும் சுவரை உலர வைக்கின்றன. குளிரூட்டி பொருத்தும் அவசரத்தில் அவற்றை அடைக்காதீர்கள். பூச்சி வராதபடி வலை மட்டும் போடுங்கள்.

அடுத்தது செங்கல் இடுக்குகள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரில் சிமென்ட் பூசுவதுதான் மிகப் பெரிய கேடு. சிமென்ட் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. ஈரம் செங்கல் வழியே வெளியேறும்போது உப்பு படிந்து, செங்கலின் முகம் பொரிந்து உதிரும்.

உதிர்ந்த காரையை உளியால், இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு எடுங்கள். கிரைண்டர் எனும் மின் அறுப்புக் கருவி வேண்டாம், செங்கலின் விளிம்பை அறுத்துவிடும். தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். நீர் தேங்கி நிற்கக் கூடாது.

புதிய காரைக்கு நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, உப்பில்லாத, கூரான (உருண்டையாகத் தேயாத) மணல் 3 பங்கு. தண்ணீரைக் குறைத்தே சேருங்கள், நீர்த்த கலவை காயும்போது சுருங்கி வெடிக்கும். ஆழமான இடுக்கை ஒரே தடவையில் நிரப்பாமல் அடுக்கடுக்காக அழுத்துங்கள். பிறகு ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரமாவது காக்க வேண்டும். பலர் சோம்பும் இடம் இதுதான். வெயிலில் சட்டென்று காய்ந்த காரை விரலால் தேய்த்தாலே பொடியாகும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் வேலையைத் தள்ளிவையுங்கள்.