பில்ஸ்னர்: முதலில் மூக்கு, அப்புறம் நாக்கு

பில்ஸ்னர் என்கிற பொன்னிற பியரைச் சுவைத்து மார்க் போட உட்கார்ந்தால் நான் முதலில் பார்ப்பது கிளாஸைத்தான். ஊற்றிய பிறகு உள்பக்கத்தில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். நுரையும் நிற்காது. கிளாஸை மாற்றிவிடுங்கள்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடிக்க வேண்டாம். 6, 7 டிகிரிக்கு வந்தால்தான் மணம் எழும். அதற்குக் கீழே குறையும் தெரியாது, நிறையும் தெரியாது. தயங்காமல் ஊற்றுங்கள், இரண்டு விரல் உயரம் நுரை எழட்டும். அது அடங்குவதற்குள் முகர்ந்து பாருங்கள்.

லேபிளில் செக் பாணியா, ஜெர்மன் பாணியா என்று பார்த்துக்கொள்வது முக்கியம். 1842-இல் பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) பில்சென் நகரில், ஜெர்மனியின் பவேரியாக்காரரான ஜோசப் குரோல் காய்ச்சியதுதான் இதன் மூதாதை. அந்த ஊர்த் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. அதனால்தான் ஸாஸ் வகை ஹாப்ஸை (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தாராளமாகப் போட்டும் கசப்பு நாக்கைச் சுரண்டுவதில்லை. செக் பாணியில் ரொட்டி மணமும் வாய் நிறைகிற மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சுவையும் இருக்கும். ஜெர்மன் பாணி இன்னும் வெளிர், இனிப்புக் குறைவு, கசப்பு நீளும்.

மூக்கில் வெண்ணெய் வாசம் வந்தால் அது டைஅசிட்டில், நொதிக்கும்போது உருவாகும் ஒரு பொருள். செக் பாணியில் லேசாக இருந்தால் விட்டுவிடுவேன். ஜெர்மன் பாணியில் மார்க்கைக் குறைப்பேன். வேகவைத்த மக்காச்சோள வாசம் வந்தால் அது டிஎம்எஸ் என்கிற கந்தகச் சேர்மம். வெளிர் மால்ட்டிலிருந்து வருவது, கொதிக்கும்போதே போயிருக்க வேண்டும். நனைந்த அட்டை வாசம் என்றால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. பச்சை பாட்டிலில் அடிக்கடி வரும் அந்த ரப்பர் நாற்றம், வெளிச்சம் பட்டு ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்ததால் வருவது. இதையே ‘ஃபாரின் பியர் வாசனை’ என்று ரசிக்கிறவர்களும் இருக்கிறார்கள், என்ன செய்ய!

கலங்கலாக இருக்கிறதே என்று உடனே மார்க்கைக் குறைக்காதீர்கள், வடிகட்டாத பில்ஸ்னரும் உண்டு.

சரி, இப்போது ஒரு மடக்கு. துப்பாதீர்கள், விழுங்குங்கள். கசப்பு தொண்டையில்தான் முழுசாகத் தெரியும். அது எழுந்து, சுத்தமாக மறைந்து, அடுத்த மடக்கைக் கேட்க வேண்டும். சிறிய அளவில் பியர் காய்ச்சும் கிராஃப்ட்காரர்கள் சிலர் மாம்பழ, ஆரஞ்சு மணமுள்ள ஹாப்ஸைக் கொட்டுகிறார்கள். குடிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் பில்ஸ்னர் என்று நான் மார்க் போட மாட்டேன்.

கால் கிளாஸ் மிச்சம் வைத்து, குளிர் விட்டதும் மறுபடி முகருங்கள். மக்காச்சோளமும் வெண்ணெயும் ஒளிந்திருந்தால் அப்போதுதான் வெளியே வரும். மார்க்கை அதற்கு அப்புறம் எழுதுங்கள்.