நலங்கு மாவு போட்டும் தோல் ஏன் சொரசொரக்கிறது?

வீட்டில் அரைத்த நலங்கு மாவு தேய்த்துக் குளித்தும் தோல் மிருதுவாகவில்லை என்று யாராவது சொன்னால், அதில் என்னென்ன போட்டார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பதில் பெரும்பாலும் இருபது சரக்குக்குக் குறையாது. சென்னை ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடை முன்னால் நின்றால் யாருக்கும் அந்த ஆசை வரும், வாசனையே பட்டியலை நீட்டிவிடும். அரை கிலோ பச்சைப்பயறுக்குக் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ மூன்றிலும் 50 கிராம், ஒரு பிடி ரோஜா இதழ். இது போதும்.

பட்டியலில் பலரும் யோசிக்காமல் சேர்ப்பது கார்போக அரிசி என்ற மூலிகை விதை. அதிலுள்ள சோரலென் என்ற பொருள் தோலை வெயில் தாங்காததாக்கும். வெண்புள்ளி வைத்தியத்தில் அதற்கு இடம் கிடைத்ததே இந்தக் குணத்தால்தான். காலையில் தேய்த்துக் குளித்துவிட்டுச் சென்னை வெயிலில் பைக்கில் சுற்றினால் தோல் சிவந்து கொப்புளிக்கலாம், பிறகு கறுத்தும் போகலாம். மாவில் எலுமிச்சை பிழிகிறவர்களுக்கும் இந்த வம்பு உண்டு, எரிச்சல் வேறு. வைத்தியர் சொல்லாமல் கார்போக அரிசி வேண்டாம்.

அடுத்து, காயவைப்பது. கடற்கரை ஊர், காற்றிலேயே ஈரம். ஐப்பசி மழையில் இரண்டு நாள் பால்கனியில் வைத்ததைக் காய்ந்தது என்று நம்பி அரைத்தால், மாவு கட்டி தட்டி, பூஞ்சையும் வண்டும் வந்துவிடும். ஒரு வருஷத்துக்கு வேண்டியதைப் பங்குனி, சித்திரையிலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். கிழங்கை வளைத்தால் வளையக் கூடாது, ‘படக்’கென்று உடைய வேண்டும். பூக்களை மட்டும் நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் மணம் போய்விடும்.

மாவு மிஷினில் நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும். எனக்கு முன்னால் ஒருவர் மிளகாய்த்தூள் அரைத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் கவனிக்காமல் தூக்கை நீட்டிவிட்டேன். மறுநாள் பாத்ரூமில் நான் ஆடிய ஆட்டத்தை எழுத முடியாது. இப்போது சீயக்காய்க்கென்று தனி மிஷின் வைத்திருக்கும் இடமாகக் கேட்டுத்தான் போகிறேன். வெட்டிவேரையும் அதில் போடாதீர்கள், நாராகவே வரும். முந்தின ராத்திரி குளிக்கிற தண்ணீரில் ஊறப்போட்டால் மணம் இறங்கிவிடும். அரைத்த மாவு சூடாக இருக்கும். துணியில் பரப்பி ஆறவைக்காமல் டப்பாவில் அடைத்தால் உள்ளேயே வியர்க்கும்.

சரி, மாவு நன்றாகவே வந்தது, அப்புறமும் தோல் வறளுகிறதா? தேய்க்கிற விதத்தைப் பாருங்கள். முகத்தில் பூசி, காய்ந்து இறுகும்வரை உட்கார்ந்திருந்து, பிறகு வறட்டு வறட்டென்று உரித்தெடுப்பதுதான் பெரிய தப்பு. சலிக்காத மாவென்றால் சின்னச் சின்னக் கீறலே விழும். மெல்லிய துணியில் சலித்து, கூழ் பதத்தில் குழைத்து, ஈரம் இருக்கும்போதே மெதுவாகத் தடவிக் கழுவிவிடுங்கள். பயற்று மாவும் எண்ணெயை எடுக்கத்தான் செய்யும், அதற்குமேல் சோப்பும் கொதிக்கிற வெந்நீரும் வேண்டாம். துடைத்த ஈரம் காய்வதற்குள் கை கால்களில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் அந்த ஈரம் தங்கும். மிருது என்று நாம் தேடுவது பாதிக்குமேல் இந்த ஈரத்தைத்தான்.

புதிதாக அரைத்ததை முதலில் முழங்கை உட்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். கைக்குழந்தைக்குப் போடுவதென்றால் மருத்துவரைக் கேளுங்கள். உலர்ந்த தூளை அதன் முகத்தருகே தூவவே கூடாது, மூச்சில் ஏறும். தயிரிலோ பாலிலோ குழைத்ததில் மிச்சம் இருந்தால் நாளைக்கு என்று எடுத்துவைக்காதீர்கள், புளித்துவிடும். பெரிய டப்பா பாத்ரூமில் இருக்க வேண்டாம், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன பாட்டிலில் எடுத்து வையுங்கள், உள்ளே காய்ந்த ஸ்பூன்தான் போக வேண்டும். பிளாட்டில் இருப்பவர்கள் தண்ணீர் போகிற ஓட்டையில் ஒரு வலை போட்டுவிடுங்கள். மாவு குழாய்க்குள் களியாகச் சேர்ந்தால் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.