புது ஊருக்குக் குடிவந்தவர்களுக்கு: ஏப்ரல், மே மாதங்களை விட்டுவிடாதீர்கள்

டர்பனை விட்டு ஸ்டேஞ்சர், டோங்காட் மாதிரி சின்ன ஊருக்குக் குடிவந்து, ஊர்க் காரியத்தில் கலந்துகொள்ள ஆசையா? முதலில் உங்கள் வார்டு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் வார்டு கமிட்டி என்று ஒன்று உண்டு, கவுன்சிலர் தலைமையில் அதிகபட்சம் 10 பேர். அவர்கள் கூட்டத்துக்குப் போய் இரண்டு தடவை சும்மா உட்கார்ந்து கேளுங்கள். நம் பக்கத்தில் பேச்சு பெரும்பாலும் ஜூலுவில்தான் ஓடும், அதனால் உள்ளே நுழையும்போதே 'சனிபோனானி' என்று வணக்கம் சொல்லுங்கள், முகங்கள் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

முக்கியமான விஷயம் பட்ஜெட். முனிசிபாலிட்டியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது, வரைவு பட்ஜெட்டை மார்ச் முடிவதற்குள் கவுன்சிலில் வைத்துவிட வேண்டும், அப்புறம் வரும் ஏப்ரல், மே மாதங்களில்தான் மக்களிடம் கருத்து கேட்கிறார்கள், ஜூலையில் போய்க் கத்தினால் பணம் ஏற்கெனவே ஒதுக்கியாகியிருக்கும். வரைவின் பிரதி நூலகத்தில் இருக்கும், கேட்டு வாங்கிப் படியுங்கள்.

எங்கள் தெரு விளக்கு எரியாமல் கிடந்தபோது வாயால் சொன்னது எதுவும் நிற்கவில்லை. கம்பத்தில் எழுதியிருந்த எண், இருட்டில் எடுத்த படம், பக்கத்து ஆறு வீட்டாரின் கையெழுத்து, இதையெல்லாம் ஒரே தாளில் சேர்த்துக் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் ஆள் வந்தார்.

கவுன்சில் கூட்டமும் பொதுவாக எல்லோருக்கும் திறந்ததுதான். தனியாகப் போகாமல் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.